எச்சிலிலும் மலத்திலும் பாக்டீரியா நொதி தேடும் எலைசா சொதப்பும்போது

எலைசா என்றால் ஆன்டிபாடிகளைக் கொண்டு மாதிரியில் ஒரு பொருளைத் தேடி அளக்கும் சோதனை. இங்கே பேசுவது சாண்ட்விச் எலைசா பற்றி. அதாவது பிடிக்கும் ஆன்டிபாடி தட்டில் ஒட்டியிருக்கும், காட்டும் ஆன்டிபாடி மேலே வந்து உட்காரும், எச்ஆர்பி நொதி நிறம் கொடுக்கும். தேடப்படுபவை பெரும்பாலும் மூன்று. ஈறுநோய்க் கிருமியான போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் விடும் ஜிஞ்சிபெயின், வாய்ப்புற்று, உணவுக்குழாய்ப் புற்று ஆய்வுகளில் எச்சிலில் தேடப்படுகிறது. பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸின் நச்சு நொதி, பெருங்குடல் புற்று ஆய்வுகளில் மலத்தில் தேடப்படுகிறது. மூன்றாவது ஹெலிகோபேக்டர் பைலோரியின் ஆன்டிஜென்கள். இந்தக் கிருமியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே முதல் வகைப் புற்றுக்காரணியாக அறிவித்துவிட்டது.

முதல் இரண்டும் புரதத்தை வெட்டும் நொதிகள். ஆன்டிபாடியும் புரதம்தான். அளக்கப்படும் பொருளே அளவுகோலைத் தின்னக்கூடும் என்பதை மறந்தால் கீழே உள்ள கோளாறுகளில் பாதி புரியாது. சாதாரண சைட்டோகைன் எலைசாவில் பழகிய கை இங்கேதான் தடுமாறும்.

எதையும் தொடுவதற்கு முன் தட்டில் எட்டுக் குழிகளைச் சோதனைக்கென ஒதுக்கிவிடுங்கள். கிட் பெட்டியில் இது எழுதியிருக்காது. டிஎம்பி (எச்ஆர்பி பட்டால் நிறம் மாறும் கரைசல்) மட்டும் போட்ட குழி 2, எச்ஆர்பியும் டிஎம்பியும் போட்ட குழி 2, காட்டும் ஆன்டிபாடியும் சேர்த்த குழி 2, மாதிரி போட்டு எச்ஆர்பி போடாத குழி 2. கோளாறு வந்தால் பதில் பெரும்பாலும் இந்த எட்டில் இருக்கும்.

## அறிகுறி 1: பிளாங்க் உட்பட எல்லாக் குழியும் நிறம் காட்டுகிறது

450 நானோமீட்டரில் பிளாங்கின் (மாதிரி போடாத குழியின்) ஓடி, அதாவது நிற அளவு, 0.1க்குக் கீழே நிற்க வேண்டும். 0.2 தாண்டினால் மேலே போகாமல் ஒதுக்கிய குழிகளைப் பாருங்கள்.

டிஎம்பி மட்டும் போட்ட குழியே நீலமா? டிஎம்பி கெட்டுவிட்டது, அல்லது எச்ஆர்பி தொட்ட முனையால் யாரோ பாட்டிலில் உறிஞ்சியிருக்கிறார்கள். பாட்டிலைத் தூக்கி எறியுங்கள். நல்ல டிஎம்பி நிறமற்று இருக்கும்.

எச்ஆர்பி சேர்த்ததும் நிறமா? கழுவல் போதவில்லை, பிளாக்கிங் (தட்டின் வெற்றிடங்களைப் புரதத்தால் மூடுவது) போதவில்லை, எச்ஆர்பி அடர்த்தி அதிகம். இந்த வரிசையிலேயே பாருங்கள். கழுவலுக்கு 0.05% ட்வீன்-20 சோப்பு கலந்த பிபிஎஸ் (உப்பு பஃபர்), குழிக்கு 300 மைக்ரோலிட்டர், 5 முறை. ஒவ்வொரு முறையும் 30 விநாடி ஊறவிட்டு, கடைசியில் தட்டைக் கவிழ்த்துக் காகிதத்தில் தட்டுங்கள். கழுவும் இயந்திரத்தில் ஓர் ஊசி அடைத்திருந்தால் குறிப்பிட்ட வரிசை மட்டும் கறுக்கும். அடைப்பை மெல்லிய கம்பியால் நீக்கலாம். பிளாக்கிங்குக்கு 1% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்), 250 மைக்ரோலிட்டர், 1 மணி நேரம். காட்டும் ஆன்டிபாடி பயோட்டின் ஏற்றியதாக இருந்தால் பால்பொடியில் பிளாக் செய்யாதீர்கள். பாலில் பயோட்டின் உண்டு. அது, பயோட்டினைத் தேடி எச்ஆர்பியைச் சுமந்து வரும் ஸ்ட்ரெப்டாவிடினைப் பிடித்துக்கொண்டு விளையாட்டுக் காட்டும்.

காட்டும் ஆன்டிபாடி சேர்த்ததும் நிறமா? இரண்டு ஆன்டிபாடிகளும் ஒன்றையொன்று பிடிக்கின்றன, அல்லது எச்ஆர்பி ஏற்றிய இரண்டாம் ஆன்டிபாடி, தட்டில் ஒட்டியிருக்கும் முதலாவதையும் பிடிக்கிறது. பிடிப்பது எலியினுடையது, காட்டுவது முயலினுடையது என்றால், முயலுக்கெதிரான ஆன்டிபாடி, எலி ஐஜிஜியைப் (ரத்தத்தின் பிரதான ஆன்டிபாடி வகை) பிடிப்பவற்றை உறிஞ்சி நீக்கியதாக இருக்க வேண்டும். வாங்கும்போது அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 2: பிளாங்க் சுத்தம், ஆனால் எதிர்மறை என்று தெரிந்த மாதிரிகளும் நிறம் காட்டுகின்றன

குற்றவாளி மாதிரிக்குள் இருக்கிறது.

எச்ஆர்பி போடாத மாதிரிக் குழியில் நிறம் வருகிறதா? அப்படியானால் மாதிரியின் சொந்தப் பெராக்சிடேஸ் தட்டில் ஒட்டியிருக்கிறது. எச்சிலில் அது இயல்பாகவே உண்டு. ஈறு ரத்தம் கசிந்தால் ஹீமோகுளோபினும் சேரும், மலத்திலும் இதே கதைதான். முதலில் மாதிரிக் கட்டத்துக்குப் பிந்தைய கழுவலை 5லிருந்து 7 ஆக்குங்கள். போகாவிட்டால் அந்தக் கழுவலுக்குப் பின் 0.3% ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இளஞ்சிவப்பாகத் தெரியும் எச்சிலை எடுக்கும் இடத்திலேயே நிராகரித்துவிடுவது இதையெல்லாம் விட மலிவு.

நிறம் வரவில்லையா? அடுத்து, தொடர்பே இல்லாத எலி ஐஜிஜியை, பிடிக்கும் ஆன்டிபாடியின் அதே உட்பிரிவில், அதே அடர்த்தியில் ஒரு வரிசை பூசுங்கள். அதில் மாதிரியை ஓட்டுங்கள். இரண்டு வரிசையும் ஒரே அளவு நிறம் காட்டினால் நீங்கள் நொதியை அளக்கவில்லை. மாதிரியில் உள்ள ஏதோ ஒன்று ஆன்டிபாடியின் எஃப்சி வாலைப் பிடித்து இரண்டையும் இணைக்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸின் புரோட்டீன்-ஏ இதைச் செய்யும், சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் புரதங்களும் செய்யும். வாயில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. முடக்குவாதக் காரணியும், மனிதரிடம் உள்ள விலங்கு எதிர் ஆன்டிபாடிகளும் இதே வேலையைச் செய்யும்.

தீர்வு, மலிவிலிருந்து: மாதிரியை நீர்க்கும் கரைசலில் சாதாரண எலி ஐஜிஜி மில்லிக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் சேர்ப்பது. போதாவிட்டால் காட்டும் ஆன்டிபாடியின் எஃப்சியை வெட்டி, பிடிக்கும் கையான ஃபேப் துண்டாகப் பயன்படுத்துவது. அதுவும் போதாவிட்டால் ஒன்றைக் கோழி ஐஜிஒய் ஆக மாற்றுவது. புரோட்டீன்-ஏயும் முடக்குவாதக் காரணியும் கோழி ஆன்டிபாடியைத் தொடாது. ஆனால் புதிய ஆன்டிபாடி என்றால் முழு மதிப்பீட்டையும் மறுபடி தொடங்க வேண்டும்.

## அறிகுறி 3: ஸ்டாண்டர்ட் வளைவு அழகாக இருக்கிறது, மாதிரியில் ஒன்றுமே இல்லை

ஸ்டாண்டர்ட் என்பது அளவு தெரிந்த நொதிக் கரைசல். அதிகம் அலைக்கழிப்பது இதுதான். ஈறு வீங்கிய நோயாளி, பிசிஆரில் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கிருமி நிறைய, எலைசாவில் பூஜ்யம். மாதிரியில் நொதி இல்லை என்று எழுதிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். எழுதாதீர்கள். முதலில் ஸ்பைக் சோதனை: தெரிந்த அளவு ஸ்டாண்டர்டை மாதிரியில் சேர்த்து, அவ்வளவும் திரும்பத் தெரிகிறதா என்று பார்ப்பது.

ஒரு மாதிரியை 4 மடங்கு நீர்த்து இரண்டு குழாயில் எடுங்கள். மூன்றாவது குழாயில் வெறும் கரைசல். மூன்றிலும் ஸ்டாண்டர்டை மில்லிக்கு 10 நானோகிராம் வரும்படி சேருங்கள். முதல் குழாயை உடனே தட்டில் போடுங்கள். இரண்டாவதை 37 டிகிரியில் 60 நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள். மூன்றாவதைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு நேரத்துக்கும் ஒப்பீடாக வையுங்கள். ஸ்பைக் சேர்க்காத மாதிரியின் அளவைக் கழித்த பிறகு 80 முதல் 120% திரும்பக் கிடைக்க வேண்டும்.

### கிளை அ: உடனே போட்டது சரி, 60 நிமிடம் வைத்தது குறைவு

வெட்டுகிறது. ஜிஞ்சிபெயினில் ஆர்ஜிபி வகை ஆர்ஜினினுக்கு அடுத்தும், கேஜிபி வகை லைசினுக்கு அடுத்தும் புரதத்தை அறுக்கும். ஐஜிஜியின் கீல் பகுதி அவற்றுக்கு எளிய இரை.

எது வெட்டுப்படுகிறது, தேடும் பொருளா ஆன்டிபாடியா? பிடிக்கும் ஆன்டிபாடி பூசிய குழியில் மாதிரியை 1 மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். பிறகு எலி ஃபேப் பகுதியை மட்டும் பிடிக்கும் எச்ஆர்பி ஆன்டிபாடியைப் போடுங்கள். வெறும் கரைசல் விட்ட குழியைவிட நிறம் தெளிவாகக் குறைந்தால், உங்கள் பிடிக்கும் ஆன்டிபாடியின் கைகள் வெட்டுண்டு கழுவலில் போய்விட்டன. ஐஜிஜி முழுவதையும் பிடிக்கும் ஆன்டிபாடியை இதற்குப் பயன்படுத்தினால், ஒட்டியிருக்கும் வால் துண்டே நிறம் கொடுத்து ஏமாற்றும்.

தடுப்பு: எச்சில் வந்து விழும் குழாயிலேயே தடுப்பான் இருக்க வேண்டும். ஆய்வகத்துக்கு வந்தபின் சேர்ப்பது காலம் கடந்தது. டிஎல்சிகே என்ற தடுப்பான் இரண்டு வகை ஜிஞ்சிபெயினையும் நிரந்தரமாக முடக்கும். 3.7 மில்லிகிராமை 1 மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் (1 மில்லிமோலார்) கரைத்தால் 10 மில்லிமோலார் இருப்புக் கரைசல் கிடைக்கும். 900 மைக்ரோலிட்டர் எச்சிலுக்கு 100 மைக்ரோலிட்டர். கணக்கில் 1.11ஆல் பெருக்க மறக்காதீர்கள். இருப்பை நடுநிலை பஃபரில் கரைத்து வைத்தால் வேகமாகச் சிதைந்துவிடும். தடுப்பான் வேலை செய்யவில்லை என்ற புகார்களுக்கு இதுவே முதல் காரணம்.

லியூபெப்டின் ஆர்ஜிபியை நன்றாகத் தடுக்கும், ஆனால் பிடி தளரக்கூடியது. மாதிரியை நீர்த்தால் தடுப்பும் நீர்த்துப்போகும். அதை நம்பினால் நீர்க்கும் கரைசலிலும் சேர்த்தாக வேண்டும். பிஎம்எஸ்எஃப் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதில் பயனில்லை. அது முக்கியமாகச் செரின் வகைக்கானது, ஜிஞ்சிபெயின் சிஸ்டீன் வகை. மலத்தில் ஃப்ராஜிலிஸ் நச்சு துத்தநாகம் தாங்கிய நொதி, அதற்கு 5 மில்லிமோலார் ஈடிடிஏ. மலத்தில் மனிதச் செரிமான நொதிகளும் இருப்பதால் அங்கே பிஎம்எஸ்எஃப் கூடவே வேண்டும். பிரித்தெடுக்கும் கரைசலில் கடைசி நிமிடத்தில் சேருங்கள், நீரில் அது நிலைக்காது.

கவனிக்கப்படாத ஒரு வலை: டிஎல்சிகே நொதியின் செயல்மையத்தில் போய் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. உங்கள் ஆன்டிபாடியும் அங்கேயே உட்காருவதாக இருந்தால், தடுத்த நொதி அதன் கண்ணுக்குத் தெரியாது. ஈடிடிஏ துத்தநாகத்தைப் பிடுங்கும்போதும் உருவம் மாறக்கூடும். ஸ்டாண்டர்டுக்கும் அதே தடுப்பானை அதே அளவு சேர்த்து ஓட்டுங்கள். வளைவு சரிந்தால் வேறு ஆன்டிபாடி இணை தேட வேண்டியதுதான். வெட்டும் சிஸ்டீனை மாற்றியமைத்த, செயலற்ற ஜிஞ்சிபெயினை ஸ்டாண்டர்டாக வைத்தால் பாட்டிலுக்குள்ளேயே தன்னைத்தான் தின்னும் தொல்லை தீரும்.

### கிளை ஆ: உடனே போட்டதே குறைவு

மறைக்கப்படுகிறது. நாள்பட்ட ஈறுநோய் உள்ளவரின் எச்சிலில் அந்தக் கிருமிக்கெதிரான ஐஜிஏ ஆன்டிபாடி ஏற்கெனவே உண்டு. அது நொதியை மூடி நிற்கும். எச்சில் கோழையான மியூசினும் தடுக்கும்.

மியூசின்தானா என்று முதலில் பாருங்கள், செலவில்லை. எச்சிலை உறையவைத்து உருக்கி, 4 டிகிரியில் 10,000 ஜியில் 10 நிமிடம் சுழற்றினால் பெரும்பகுதி கீழே போகும். பிறகு 2, 4, 8 மடங்கு நீர்த்து மீட்பு உயர்கிறதா என்று பாருங்கள். கோழையை இளக்க டிடிடி சேர்க்கும் பழக்கம் சளி ஆய்வகங்களில் உண்டு. இங்கே அது கூடவே கூடாது. சிஸ்டீன் நொதியை அது உசுப்பிவிடும், ஆன்டிபாடியின் கந்தகப் பிணைப்புகளையும் அறுக்கும்.

நீர்த்தும் மீட்பு உயரவில்லை என்றால் ஐஜிஏ. பிஎச் 2.5 உள்ள 0.1 மோலார் கிளைசின் கரைசலில் 15 நிமிடம் வைத்து, டிரிஸ் பஃபரால் நடுநிலையாக்கி உடனே தட்டில் போடுங்கள். ஸ்டாண்டர்டையும் அதே வழியில் அனுப்புங்கள்.

### கிளை இ: ஸ்பைக் முழுதாகத் திரும்புகிறது, மாதிரி மட்டும் பூஜ்யம்

நொதியைக் குப்பையில் போட்டிருக்கலாம். ஜிஞ்சிபெயினின் பெரும்பகுதி கிருமியின் மேற்சவ்விலும், அது உதிர்க்கும் நுண்பைகளிலும் ஒட்டியிருக்கும். சுழற்றி மேல்நீரை மட்டும் எடுத்தால் கிருமியோடு போய்விடும். வண்டலை 0.5% டிரைட்டான் எக்ஸ்-100ல், தடுப்பானுடன், கரைத்து ஓட்டிப் பாருங்கள். அங்கே நிறம் வந்தால் காரணம் அதுதான். மேல்நீர் எண்ணையும் முழு எச்சில் எண்ணையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

இன்னொன்று, ஆன்டிபாடி எந்தப் பகுதியைப் பிடிக்கிறது? ஆர்ஜிபி-ஏவுக்கும் கேஜிபிக்கும் ஒட்டும் பகுதி பொதுவானது, ஆர்ஜிபி-பிக்கு அது கிடையாது. அந்தப் பகுதிக்கான ஆன்டிபாடி முதல் இரண்டையும் பிரித்துக் காட்டாது, மூன்றாவதைப் பார்க்கவே பார்க்காது. ஃப்ராஜிலிஸ் நச்சிலும் மூன்று உட்பிரிவுகள் உண்டு. ஒன்றுக்கெதிராக வளர்த்த மோனோகுளோனல் மற்றதைத் தவறவிடலாம். விவரத்தாளில் இல்லாவிட்டால் விற்றவரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வராத ஆன்டிபாடியில் மேலும் தட்டுகளைச் செலவழிக்காதீர்கள்.

ஹெலிகோபேக்டர் மலச் சோதனை மட்டும் பொய்யாக எதிர்மறை காட்டினால் ஆய்வகத்தைத் துருவுவதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். அமிலம் குறைக்கும் பிபிஐ மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் ஆகியவற்றை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தண்ணீராகப் போன மலமும் அளவைக் குறைத்துக் காட்டும்.

## அறிகுறி 4: ஸ்டாண்டர்டே நிறம் தரவில்லை

பஃபரில் சோடியம் அசைட் இருக்கிறதா? பாட்டில் கெடாமலிருக்க யாரோ சேர்த்திருப்பார்கள். அது எச்ஆர்பியைக் கொல்லும். கழுவும் கரைசலையும் எச்ஆர்பி நீர்க்கும் கரைசலையும் புதிதாகக் கலக்குங்கள். எச்ஆர்பிக்குப் பதில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் சந்தேகம் ஈடிடிஏ மேல்.

ஒரு துளி எச்ஆர்பியை டிஎம்பியில் விட்டால் உடனே நீலமாக வேண்டும். ஆகவில்லை என்றால் இரண்டில் ஒன்று செத்துவிட்டது. ஆகிறது என்றால் பூச்சைப் பாருங்கள்: பிஎச் 9.6 கார்பனேட் பஃபர், மில்லிக்கு 2 மைக்ரோகிராம், 100 மைக்ரோலிட்டர், 4 டிகிரியில் இரவு முழுக்க. ஆன்டிபாடி பாட்டிலில் பிஎஸ்ஏ அல்லது ஜெலட்டின் கலந்திருந்தால் தட்டில் ஒட்டுவது அதுதான். பூசுவதற்குக் கலப்பற்றதே வேண்டும்.

வளைவின் கீழ்முனை மட்டும் தொலைகிறது என்றால், மிகக் குறைந்த அடர்த்தி குழாய்ச் சுவரில் ஒட்டுகிறது. நீர்க்கும் கரைசலில் 0.1% பிஎஸ்ஏ போடுங்கள்.

## அறிகுறி 5: நீர்க்க நீர்க்க அளவு ஏறுகிறது

10 மடங்கு நீர்த்த பின் கணக்கிட்ட அளவு, நீர்க்காததைவிட அதிகம். இரண்டு காரணம். நீர்க்காத குழியின் ஓடி, உச்சத்துக்கு அருகிலிருந்து இறங்கி வந்திருந்தால் நொதி மிதமிஞ்சி இருக்கிறது, இரண்டு ஆன்டிபாடிகளையும் தனித்தனியே நிரப்பிவிட்டது. மாதிரியையும் காட்டும் ஆன்டிபாடியையும் ஒன்றாகப் போடும் ஒரே கட்ட முறையில் இது வரும். நடுவில் கழுவி இரண்டு கட்டமாக்குங்கள். ஓடி தாழ்வாகவே இருந்தால் அறிகுறி 3இன் தடுப்பு விவகாரம்தான். அங்கே போங்கள்.

அடுத்தடுத்த இரண்டு நீர்ப்புகள் 20%க்குள் ஒத்துப்போகும் இடமே நம்பத்தக்கது. அதுவரை எந்த எண்ணையும் எழுத வேண்டாம்.

## அறிகுறி 6: இரட்டைக் குழிகள் ஒத்துப்போகவில்லை

ஓரக் குழிகள் மட்டும் மாறினால் வெப்பமும் ஆவியாதலும். மூடி ஒட்டுங்கள், தட்டுகளை அடுக்காதீர்கள். எச்சில் மாதிரி மட்டும் மாறினால் கோழை நூல் முனையில் ஏறுகிறது, மறுபடி சுழற்றுங்கள். ஸ்டாண்டர்டும் மாறினால் பிப்பெட். 100 மைக்ரோலிட்டர் நீரை 10 முறை நிறுங்கள், 20 டிகிரியில் 99.7 மில்லிகிராம் வர வேண்டும். சராசரி 2%க்கு மேல் விலகினால் சேவை நிலையத்துக்கு அனுப்பும் நேரம். ஒரே தட்டை இரண்டு ரீடரில் படித்து எண்கள் விலகினால் ஒளியியல் பழுது. விளக்கைத் தாண்டி நீங்களாகத் திறக்காதீர்கள்.

## அறிகுறி 7: எலைசாவும் பிசிஆரும் சண்டை போடுகின்றன

பிசிஆர் ஆம், எலைசா இல்லை: மரபணு இருப்பதால் நொதி சுரக்கிறது என்று அர்த்தமில்லை. அறிகுறி 3ஐ முழுதாக முடித்த பிறகே இந்த விளக்கத்துக்கு வாருங்கள்.

எலைசா ஆம், பிசிஆர் இல்லை: முதலில் பிசிஆரே தடைபட்டிருக்கலாம், மலத்தில் இது சகஜம். உள் கட்டுப்பாடு பெருகியதா என்று பாருங்கள். பெருகியிருந்தால் ஆன்டிபாடி வேறு கிருமியைப் பிடிக்கிறதா என்ற கேள்வி. பிரிவோடெல்லா இன்டர்மீடியா, டேனரெல்லா ஃபோர்சித்தியா, ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் ஆகியவற்றின் சாற்றை ஓட்டுங்கள். மூன்று ஜிஞ்சிபெயின் மரபணுக்களும் நீக்கப்பட்ட ஜிஞ்சிவாலிஸ் திரிபு கிடைத்தால் அதுவே சிறந்த எதிர்மறை. அதிலும் நிறம் வந்தால் ஆன்டிபாடி நொதியைப் பிடிக்கவில்லை.

இதற்கும் பதில் கிடைக்காவிட்டால் நிறைநிறமாலை வசதி உள்ளவர்களிடம் போங்கள். ஆன்டிபாடியால் இழுத்தெடுத்ததை டிரிப்சினால் வெட்டிப் பார்த்து, பிடிபட்டது என்ன புரதம் என்று அவர்களால் சொல்ல முடியும். செலவு அதிகம். அதனால் மேலே உள்ளவற்றை முடித்துவிட்டு, வலுவான இரண்டு மாதிரிகளும் ஒரு எதிர்மறையும் மட்டும் கொடுங்கள்.

## தட்டு சரியாக வந்துவிட்டது, மாதிரி நேர்மறை

எச்சிலில் ஜிஞ்சிபெயின் இருந்தால் அந்தக் கிருமி அங்கே சுறுசுறுப்பாக இருக்கிறது, ஈறைப் பல் மருத்துவர் பார்க்க வேண்டும். புற்று என்று அதற்குப் பொருளில்லை. ஃப்ராஜிலிஸ் நச்சு சுரக்கும் திரிபு நலமாக இருப்பவர்களின் குடலிலும் காணப்படுகிறது. அறிக்கையில் "புற்று அபாயம்" என்ற சொல்லை ஆய்வகம் எழுதக்கூடாது. ஹெலிகோபேக்டர் நேர்மறை மட்டும் நேராகச் சிகிச்சைக்கு வழிகாட்டும் முடிவு, அது மருத்துவரிடம் போக வேண்டும்.

மாதிரி கொடுக்க வந்தவருக்கு மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விழுங்கச் சிரமம், மலத்தில் ரத்தம் இருந்தால் எலைசா முடிவுக்குக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். எலைசா எதிர்மறையாக வந்தாலும் அவருக்குத் தேவை திசுப் பரிசோதனையோ உள்நோக்கிப் பரிசோதனையோதான்.